ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது: அரே, லூப் எல்லைப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதப் பழகத் தொடங்கியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். சி, சி++, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளை மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அரே என்பது பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் தொகுப்பு; லூப் என்பது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி. லூப்பில் எண்ணும் மாறியை 'ஐ' என்றும், அரேயில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை 'நீளம்' என்றும் குறித்திருக்கிறேன். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கவும் முடியும். முதல் ஐந்து கேள்விகளைப் படிக்காமல் பின்னால் உள்ளவற்றுக்குத் தாவ வேண்டாம். பிந்தைய பதில்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. அரே ஏன் சார் 0-லிருந்து ஆரம்பிக்குது? 1-லிருந்து எண்ணுனா என்ன குறைஞ்சு போயிடும்?

இண்டெக்ஸ் என்பது வரிசை எண் அன்று. அரே தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை உறுப்புகளைத் தாண்ட வேண்டும் என்பதைச் சொல்லும் தொலைவு. சி மொழியில் ஒவ்வொன்றும் 4 பைட் கொண்ட முழு எண்களின் அரே, நினைவகத்தில் 1000 என்ற முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். முதல் உறுப்பை அடைய எதையும் தாண்ட வேண்டியதில்லை, ஆகவே அதன் இண்டெக்ஸ் 0. நான்காவது உறுப்பை அடைய மூன்றைத் தாண்ட வேண்டும், ஆகவே அதன் இண்டெக்ஸ் 3, முகவரி 1000 + 3 × 4 = 1012. இண்டெக்ஸை 1-இல் தொடங்கினால் இந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழிக்க வேண்டியிருக்கும்.

1-இலிருந்து எண்ணும் மொழிகளும் உண்டு. ஃபோர்ட்ரான், ஆர், மேட்லேப், லுவா, ஜூலியா ஆகியவற்றில் முதல் உறுப்பின் இயல்பான இண்டெக்ஸ் 1 தான். அவற்றில் எழுதுவோரும் எல்லைப் பிழை செய்யத்தான் செய்கிறார்கள். எனவே தொடக்க எண்ணின் மேல் பழி போடுவதில் பயனில்லை. கையில் உள்ள எண் தொலைவா, வரிசை எண்ணா, எண்ணிக்கையா என்று முடிவு செய்யாமலே எழுதத் தொடங்குவதுதான் இந்தப் பிழைகள் எல்லாவற்றுக்கும் வேர்.

2. அஞ்சு மார்க் போட்டு வச்ச அரேல மார்க்[5] கேட்டா எரர் அடிக்குது. அஞ்சாவது மார்க் இருக்கத்தானே செய்யுது?

ஐந்தாவது மதிப்பெண் இருக்கிறது. அது மார்க்[4] என்ற இடத்தில் இருக்கிறது. தொலைவு 0-இல் தொடங்குவதால் ஐந்து உறுப்புகளின் இண்டெக்ஸ்கள் 0, 1, 2, 3, 4 என முடிந்துவிடுகின்றன. நீளம் 5 என்றால் கடைசி இண்டெக்ஸ் நீளம் - 1. நீளத்தையே இண்டெக்ஸாகக் கொடுத்தால் அது எப்போதும் எல்லைக்கு வெளியே ஓரிடம் தள்ளித்தான் விழும்.

ஜாவாவின் இன்றைய பதிப்புகள் காட்டும் பிழைச் செய்தியில் நீங்கள் கேட்ட இண்டெக்ஸும் அரேயின் நீளமும் சேர்ந்தே வரும். இரண்டும் ஒரே எண்ணாக, அதாவது 5-க்கு 5 என்று, இருந்தால் வேறு எங்கும் தேடாமல் லூப்பின் நிபந்தனையைப் பாருங்கள். இண்டெக்ஸ் -1 என்று வந்திருந்தால், எங்கோ ஐ - 1 என்று எழுதியதை ஐ 0-ஆக இருக்கும்போதே இயக்கியிருக்கிறீர்கள். செய்தியின் சிவப்பு நிறத்தைப் பார்த்தவுடன் அதை மூடிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தேவையான விடை பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கிறது.

3. லூப்ல < போடணுமா, <= போடணுமா? எப்பவும் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறேன்.

குறியைத் தனியாகப் பார்க்காமல் தொடக்க எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். நீளம் அளவுக்குச் சுற்ற வேண்டும் என்றால் இரண்டு சரியான இணைகள் உள்ளன: 0-இல் தொடங்கி ஐ < நீளம், அல்லது 1-இல் தொடங்கி ஐ <= நீளம். இவற்றைக் கலந்தால்தான் சிக்கல். 0-இல் தொடங்கி <= போட்டால் ஒரு சுற்று கூடும்; 1-இல் தொடங்கி < போட்டால் ஒரு சுற்று குறையும்.

எந்த இணையை எங்கே பயன்படுத்துவது? ஐ ஓர் இண்டெக்ஸ் என்றால் முதல் இணை. ஐ ஓர் எண்ணிக்கையாகவோ திரையில் அச்சிடும் எண்ணாகவோ இருந்தால், வாய்ப்பாடு அச்சிடுவதைப் போல, இரண்டாவது இணை. ஐ <= நீளம் - 1 என்று எழுதுவதும் கணக்குப்படி சரிதான், ஆனால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. படிப்பவர் ஒவ்வொரு முறையும் மனத்தில் ஒரு கழித்தல் செய்ய வேண்டியிருக்கிறது. பத்தாம் கேள்வியில் வரும் பொறியும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

4. பைத்தான்ல ரேஞ்ச்(1, 10) கொடுத்தா 9 வரைக்கும்தான் வருது. இது பைத்தானோட குறையா?

குறையன்று, வேண்டுமென்றே செய்த தேர்வு. தொடக்கத்தைச் சேர்த்துக்கொண்டு முடிவை விட்டுவிடும் இந்த முறை பல மொழிகளில் உள்ளது: பட்டியலின் ஒரு பகுதியை எடுக்கும் பைத்தானின் துண்டுகள், ஜாவாவின் சப்ஸ்ட்ரிங், ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் எல்லாம் இப்படித்தான். 1 முதல் 10 வரை வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 11) என்றுதான் எழுத வேண்டும்.

இதன் பயன் இரண்டு. முதலாவது, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எண்ணிக்கை நேராகக் கிடைத்துவிடும்; ரேஞ்ச்(3, 8) என்பதில் 8 - 3 = 5 எண்கள். இரண்டாவது, ஒரு பட்டியலை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பகுதியின் முடிவும் அடுத்த பகுதியின் தொடக்கமும் ஒரே எண்ணாக இருக்கும். [0:4], [4:9] என்று பிரித்தால் எந்த உறுப்பும் இரு முறை வராது, எதுவும் விடுபடாது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், 2 முதல் 12 வரையுள்ள எண்களை நான்கு வகைகளில் எழுதிக் காட்டி, இந்த வகையே சிறந்தது என்று வாதிட்டிருக்கிறார். எல்லா மொழிகளும் இந்த வழியில் செல்வதில்லை: தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழியில் பிட்வீன் என்று எழுதினால் இரு முனைகளும் சேரும். ஆகவே புதிய ஒரு செயற்கூற்றைப் (ஃபங்ஷனைப்) பயன்படுத்தும் முன், முடிவு சேருமா என்பதை ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. 5-லிருந்து 12 வரைக்கும் 7 எண்தானே? லூப் மட்டும் ஏன் 8 தடவை சுத்துது?

இரு முனைகளையும் சேர்த்தால் 12 - 5 + 1 = 8. கழித்தல் நமக்குத் தருவது இடைவெளிகளின் எண்ணிக்கையை. எண்களோ இடைவெளிகளைவிட ஒன்று கூடுதல். 100 அடி நீள வேலிக்குப் பத்து அடிக்கு ஒரு கல் நட வேண்டுமானால் 10 கல் போதாது, 11 கல் வேண்டும். இடைவெளி பத்துதான், தொடக்கத்தில் நிற்கும் கல்லைத்தான் கணக்கு விட்டுவிடுகிறது.

கணினிக்கு வெளியிலும் இதே தடுமாற்றம் உண்டு. 10-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை விடுப்பு என்றால் ஆறு நாள். அதே தேதிகளில் ஒரு விடுதியில் தங்கினால் ஐந்து இரவு. விடுப்புக் கணக்கு நிரலில் நாள்களை எண்ணுகிறோமா, நாள்களுக்கு இடையிலுள்ள இரவுகளை எண்ணுகிறோமா என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டால் + 1 வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெளியும்.

6. சி-ல நான் தப்பான இண்டெக்ஸ் கொடுத்தேன், எரரே வரல, அவுட்புட்டும் சரியா வந்துச்சு. அப்போ பரவாயில்லதானே?

பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சி மொழி இண்டெக்ஸைச் சரிபார்ப்பதில்லை. முதல் பதிலில் கண்ட முகவரிக் கணக்கைப் போட்டு அங்கே எது இருந்தாலும் எடுத்துத் தருகிறது, அல்லது அதன் மேல் எழுதிவிடுகிறது. எல்லைக்கு வெளியே சென்றால் என்ன நடக்கும் என்பதை மொழியின் தர வரையறை நிர்ணயிக்காமலே விட்டிருக்கிறது. இன்று சரியாக வந்த விடை, வேறொரு கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளில்), அல்லது ஒரு மாறியைக் கூடுதலாக அறிவித்த பிறகு, மாறிப்போகலாம். அரே முழுவதிலும் 0 நிரப்ப எழுதிய லூப் முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். <= போட்டதால் ஒரு சுற்று கூடி, நினைவகத்தில் அரேக்கு அடுத்து அமர்ந்திருந்தது 'ஐ' என்ற அந்த மாறியாகவே இருந்தால், அதிலும் 0 எழுதப்பட்டு லூப் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இது மாணவர்களின் பயிற்சி நிரல்களோடு நிற்பதில்லை. தொலைவிலுள்ள கணினிகளுக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2002 மார்ச்சில் இத்தகைய ஓட்டை ஒன்று வெளியாயிற்று. இணைப்புத் தடங்களை வைத்திருந்த அரேயில், வந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்த வரியில் >= இருக்க வேண்டிய இடத்தில் > இருந்தது; ஆகவே எண்ணிக்கைக்குச் சமமான இண்டெக்ஸ் தடுக்கப்படாமல் உள்ளே சென்றது. கணக்கு வைத்திருக்கும் ஒரு பயனர் அதன் வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் பெறக்கூடிய நிலை இருந்தது. 3.1 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். திருத்தம் ஒரே ஒரு குறிதான்.

7. பைத்தான்ல எரர் எதுவும் வரல, ஆனா விடை மட்டும் தப்பா வருது. எங்கே தேடுறது?

பைத்தான் எல்லையைச் சரிபார்க்கும், ஆனால் இரண்டு இடங்களில் மௌனமாக இருக்கும். எதிர்மறை இண்டெக்ஸ் அங்கே முறையானது: -1 என்றால் கடைசி உறுப்பு. நான்கு நாள் வெப்பநிலை 31, 33, 32, 35 என்று இருக்க, முந்தைய நாளைவிட எவ்வளவு மாற்றம் என்று காண வெப்பம்[ஐ] - வெப்பம்[ஐ - 1] என்று எழுதி, ஐ-யை 0-இலிருந்து ஓட்டினால், முதல் விடை 31 - 35 = -4 என்று வரும். முதல் நாளுக்கு முந்தைய நாள் இல்லை என்பதைப் பைத்தான் சொல்லாது; கடைசி நாளை எடுத்துக் கொடுத்துவிடும். நான்கு நாள்களுக்கு இடையில் மூன்று மாற்றங்கள்தான் உண்டு என்பது ஐந்தாம் பதிலின் வேலிக் கணக்கே. ஆகவே லூப் 1-இல் தொடங்க வேண்டும்.

துண்டு எடுக்கும்போதும் பிழை வராது. ஐந்து உறுப்புள்ள பட்டியலில் [2:100] என்று கேட்டால் இருக்கும் மூன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி மேலே: இல்லாத இண்டெக்ஸைக் கேட்டாலே பிழை தராமல் 'அன்டிஃபைன்ட்' என்ற மதிப்பைத் தரும், அதை ஓர் எண்ணோடு கூட்டினால் விடை 'எண் அன்று' என்று பொருள்படும் மதிப்பாகி, கூட்டுத்தொகை முழுவதும் கெட்டுப்போகும். ஒரு கூட்டுத்தொகை அப்படி வந்தால் அந்த லூப்பின் <= குறியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

8. பபுள் சார்ட்ல < நீளம் சரியாத்தான் போட்டிருக்கேன், அப்படியும் எல்லையைத் தாண்டுது.

பபுள் சார்ட் என்பது அடுத்தடுத்த இரு உறுப்புகளை ஒப்பிட்டு, தேவையானால் இடம் மாற்றி வரிசைப்படுத்தும் முறை. நிபந்தனை ஐ-யைத்தான் காக்கிறது, ஆனால் உள்ளே நீங்கள் ஐ + 1-ஐயும் தொடுகிறீர்கள். கடைசிச் சுற்றில் ஐ = நீளம் - 1 ஆகும்போது ஐ + 1 = நீளம்; இரண்டாம் பதிலில் சொன்னபடி அது வெளியே. லூப்பின் உடலில் தொடப்படும் மிகப் பெரிய இண்டெக்ஸ் எதுவோ, அது நீளத்தைவிடக் குறைவாக இருக்கும்படி நிபந்தனையை எழுத வேண்டும்: ஐ + 1 < நீளம். இதைச் சுருக்கி ஐ < நீளம் - 1 என்று எழுதுவதைவிட விரித்தே விட்டுவைப்பது நல்லது. ஏன் ஒன்று குறைகிறது என்ற காரணம் அந்த வரியிலேயே தெரியும். ஒவ்வொரு வெளிச் சுற்றிலும் பெரிய எண் ஒன்று வலக்கோடியில் நிலைத்துவிடுவதால் உள் லூப்பின் எல்லை மேலும் சுருங்கும், ஆனால் அது வேகத்துக்கானது. அதை விட்டாலும் விடை சரியாகவே வரும்.

9. சி-ல அஞ்சு எழுத்துப் பேருக்கு அஞ்சு இடம் ஒதுக்கினேன். அச்சடிச்சா பேருக்குப் பின்னாடி குப்பை எழுத்து வருது.

சி மொழியில் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. முடிவைக் காட்ட 0 மதிப்புள்ள ஒரு பைட் கடைசியில் நிற்க வேண்டும். அச்சிடும் செயற்கூறு அந்த 0-ஐக் காணும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஐந்து ஆங்கில எழுத்துக்கு ஆறு இடம் வேண்டும். நீளத்தைச் சொல்லும் ஸ்டிரிங்லென் செயற்கூறு இந்த முடிவுக் குறியைச் சேர்க்காமல் 5 என்றுதான் சொல்லும். அந்த எண்ணை அப்படியே வைத்து நினைவகம் ஒதுக்குவது மிகப் பழைய பிழைகளில் ஒன்று. சரத்தை அளவு குறித்து நகலெடுக்கும் ஸ்டிரிங்என்காப்பி, மூலச் சரம் அந்த அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால் முடிவுக் குறியைப் போடாமலே விட்டுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும். குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் சி-யில் 15 பைட், முடிவுக் குறியோடு 16. தமிழ்ச் சரத்தில் "முதல் மூன்று எழுத்து" என்று [0:3] போட்டால் 'தமி' மட்டுமே கிடைக்கும். இது + 1 போட்டுத் தீரும் பிழையன்று. எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்யாததால் வருவது.

10. பின்னாலேர்ந்து முன்னால வர்ற லூப் எப்படி எழுதுறது? எனக்கு நிக்காம ஓடிட்டே இருக்கு.

தொடக்கம் நீளம் - 1, நிபந்தனை ஐ >= 0, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைப்பு. > 0 என்று போட்டால் முதல் உறுப்பு விடுபடும். பைத்தானில் இதையே ரேஞ்ச்(நீளம் - 1, -1, -1) என்று எழுத வேண்டும். முடிவு சேராது என்பதால் 0 சேர வேண்டுமானால் முடிவாக -1 கொடுக்க வேண்டியிருக்கிறது. பார்க்கவே கண்ணைக் குழப்பும் இந்த வரியைவிட ரிவர்ஸ்ட் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்துவது மேல்.

நிற்காமல் ஓடுகிறதென்றால் பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில் குறியில்லா எண் வகையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த வகை மாறி எதிர்மறையாக மாறவே முடியாது; 0-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 32 பிட்டில் 4294967295 ஆகிவிடும், ஆகவே ஐ >= 0 என்பது எப்போதும் உண்மை. மூன்றாம் பதிலில் சொன்ன பொறியும் இதுவே: சி++ மொழியில் அளவு மாறக்கூடிய அரேயான வெக்டரின் நீளம் குறியில்லா வகை என்பதால், வெக்டர் காலியாக இருக்கும்போது நீளம் - 1 என்பது 64 பிட் கணினியில் 18446744073709551615 ஆகி, ஓடவே கூடாத லூப் ஓடத் தொடங்கும். ஐ-யை நீளத்தில் தொடங்கி, ஐ > 0 என்று சோதித்து, உள்ளே ஐ - 1-ஐ இண்டெக்ஸாகக் கொள்வது இதற்கு நேர்த்தியான வழி.

11. லிஸ்ட்ல இரட்டைப்படை எண்ணை எல்லாம் நீக்கச் சொன்னா ஒண்ணு மட்டும் தப்பிச்சுடுது.

பைத்தானில் 4, 6, 7, 8 என்ற பட்டியலை எடுத்துக்கொள்வோம். இண்டெக்ஸ் 0-இல் 4 நீக்கப்பட்டவுடன் மற்றவை ஓரிடம் முன்னால் நகர்ந்து 6 என்பது 0-ஆம் இடத்துக்கு வந்துவிடுகிறது. லூப்போ அடுத்ததாக இண்டெக்ஸ் 1-ஐப் பார்க்கிறது; அங்கே 7. ஆகவே 6 பார்க்கப்படாமலே தப்பி, முடிவில் 6, 7 மீதமாகின்றன. நீளத்தை முன்கூட்டியே எடுத்து இண்டெக்ஸ் வழியாக ஓட்டினால், பட்டியல் சுருங்கியபின் பழைய எல்லை செல்லாததாகிப் பிழையும் வரும்.

பின்னாலிருந்து நீக்கி வந்தால் நகரும் உறுப்புகள் எல்லாம் ஏற்கெனவே பார்த்தவையாக இருப்பதால் எதுவும் தப்பாது. வேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்ப்பது இன்னும் எளிது. பயிலுநர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

12. லூப் முடிஞ்சப்புறம் ஐ-ல என்ன இருக்கும்? தேடுற ப்ரோகிராம்ல இது தொந்தரவு பண்ணுது.

மொழியைப் பொறுத்தது. சி-யில் ஐ < நீளம் பொய்யாகும்போதுதான் லூப் நிற்கிறது; ஆகவே முடிந்தபின் ஐ = நீளம். பைத்தானில் ரேஞ்ச் கொடுத்த கடைசி மதிப்பு அப்படியே நிற்கும்; ஆகவே ஐ = நீளம் - 1. பட்டியல் காலியாக இருந்தால் அந்த லூப் ஐ-க்கு மதிப்பே தந்திருக்காது.

தேடும்போது கிடைத்தவுடன் பிரேக் போட்டு வெளியேறுகிறீர்கள் என்றால், சி-யில் ஐ = நீளம் என்பது 'கிடைக்கவில்லை' என்று பொருள்; அதைச் சோதிக்காமல் அந்த இண்டெக்ஸைத் தொட்டால் ஆறாம் பதிலின் நிலைதான். பைத்தானில் கடைசி உறுப்பில் கிடைத்ததும் எங்கும் கிடைக்காததும் ஒரே மதிப்பைத் தரும். எனவே ஐ-யை நம்பாமல், இடம் = -1 என்று தனியாக ஒரு மாறியை வைத்துக் கிடைக்கும்போது மட்டும் மாற்றுங்கள்.

13. பைனரி சர்ச் எழுதினா சில எண் மட்டும் கிடைக்கமாட்டேங்குது, சில நேரம் ஹேங் ஆயிடுது. எந்த இடத்துல +1, -1 போடணும்?

வரிசைப்படுத்திய பட்டியலில் நடு உறுப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பாதியைத் தள்ளிவிட்டுத் தேடுவதே பைனரி சர்ச். அதை எழுத இரண்டு முழுமையான முறைகள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை அதிலேயே நிற்க வேண்டும். முதல் முறையில் இரு முனைகளும் தேடும் பகுதிக்குள் சேரும்: கீழ் = 0, மேல் = நீளம் - 1, கீழ் <= மேல் என்னும்வரை சுற்று, நகர்த்தும்போது மேல் = நடு - 1 அல்லது கீழ் = நடு + 1. இரண்டாம் முறையில், நான்காம் பதிலில் கண்டபடி, மேல் முனை சேராது: கீழ் = 0, மேல் = நீளம், கீழ் < மேல் என்னும்வரை சுற்று, நகர்த்தும்போது மேல் = நடு அல்லது கீழ் = நடு + 1.

கலந்தால் என்ன ஆகும் என்பதை 7 மட்டும் உள்ள ஒற்றை உறுப்புப் பட்டியலில் பாருங்கள். மேல் = நீளம் - 1 என்று வைத்துக்கொண்டு நிபந்தனையில் < போட்டால், 0 < 0 பொய் என்பதால் லூப் ஒருமுறைகூட ஓடாமல் 7 இல்லை என்று சொல்லிவிடும். <= போட்டு, ஆனால் மேல் = நடு என்று நகர்த்தினால், 5-ஐத் தேடும்போது கீழ், மேல், நடு மூன்றும் 0-ஆகவே நின்று லூப் முடியவே முடியாது.

இதில் தடுமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை பல ஆண்டுகள் கிடந்து 2006-இல் பொதுவெளியில் பேசப்பட்டது. அது எல்லைப் பிழையன்று. கீழ் + மேல் என்ற கூட்டல் மிகப் பெரிய அரேயில் 2147483647-ஐத் தாண்டி எதிர்மறையாகிவிட்டது. கீழ் + (மேல் - கீழ்) / 2 என்று எழுதினால் அந்தச் சிக்கல் வராது.

14. கடைசிக்கு அப்புறம் திரும்ப முதலுக்கு வரணும். மாதத்துக்கு இதைப் பண்ணினா 0-ஆம் மாசம்னு வருது.

% என்பது வகுக்கும்போது கிடைக்கும் மீதியைத் தரும் குறி. 0-இலிருந்து எண்ணினால் அடுத்தது (ஐ + 1) % நீளம். முந்தையது (ஐ - 1 + நீளம்) % நீளம். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் -1 % 5 என்பது -1 என்றே வருவதால்தான் நடுவில் நீளத்தைக் கூட்டுகிறோம். பைத்தானில் அது 4 என்று வந்துவிடும்.

மாதங்கள் 1 முதல் 12 என்பதால் (மாதம் + 1) % 12 என்று எழுதினால் நவம்பருக்கு அடுத்து 0 வரும். மீதி காண்பது எப்போதும் 0-இலிருந்து எண்ணும் உலகைச் சேர்ந்தது. மீதியை எடுத்தபின் ஒன்றைக் கூட்டுங்கள்: மாதம் % 12 + 1. ஜாவாஸ்கிரிப்டின் தேதி வகையில் மாதம் 0-இலிருந்தும் நாள் 1-இலிருந்தும் எண்ணப்படுகின்றன. அந்த முரணுக்கு நீங்கள் பொறுப்பல்ல, ஆனால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

15. எங்கேயோ ஒரு +1 போட்டேன், சரியாயிடுச்சு. அதுக்கு மேல ஏன் யோசிக்கணும்?

நீங்கள் கொடுத்த ஒரு சோதனைத் தரவுக்குச் சரியாகியிருக்கிறது. தவறு தொடக்க எண்ணில் இருக்க, முடிவில் + 1 போட்டால், சுற்றுகளின் எண்ணிக்கை பொருந்திவிடும். ஆனால் முதல் உறுப்பு விடுபட்டு, கடைசியில் எல்லைக்கு வெளியே ஒன்று சேர்ந்திருக்கும். விடுபட்ட முதல் உறுப்பும் வெளியே இருந்த மதிப்பும் தற்செயலாக 0 என்றால் கூட்டுத்தொகைகூட ஒத்துப்போகும்.

+ 1 போடலாம், ஆனால் போடும் முன் அது எதற்கானது என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும்: 'முடிவுக் குறிக்கு ஓர் இடம்', 'இரு முனைகளும் சேர்வதால்', 'ரேஞ்ச் முடிவை விட்டுவிடுவதால்'. சொல்ல முடிந்தால் அதையே குறிப்புரையாக அந்த வரிக்கு மேலே எழுதிவிடுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்த + 1-ஐ நீக்கிவிட்டு மீண்டும் பிழை வரும் நிலைக்கே திரும்புங்கள். கண்ணுக்குத் தெரியும் பிழை, மறைக்கப்பட்ட பிழையைவிடத் திருத்த எளிது.

16. 0-ஐ விட்டுட்டு 1-லிருந்தே அரேயைப் பயன்படுத்தலாமா? என் நண்பர் அப்படித்தான் செய்யறாரு.

நீளம் + 1 இடம் ஒதுக்கிக்கொண்டு தாராளமாகச் செய்யலாம். கணக்கே 1 முதல் எண்களைத் தரும் நிரற்போட்டிகளில் பலர் இப்படி எழுதுகிறார்கள். ஒரே நிரலில் பாதி அரேக்களை இப்படியும் பாதியை அப்படியும் வைப்பதுதான் ஆபத்து. வரிசைப்படுத்தும் நூலகச் செயற்கூற்றுக்கு அந்த அரேயை முழுதாகக் கொடுத்தால், காலியாக விட்ட 0-ஆம் இடமும் சேர்ந்து வரிசைப்படுத்தப்படும்.

17. இதெல்லாம் சரி, என் லூப் சரின்னு எப்படிச் சோதிக்கிறது? ஏதாவது கருவி இருக்கா?

முதல் கருவி தாளும் பேனாவும். முதல் சுற்றில் ஐ-யின் மதிப்பு, அப்போது தொடப்படும் இண்டெக்ஸ்கள். கடைசிச் சுற்றில் அதே இரண்டும். இவ்வளவை எழுதினால் போதும், நடுவில் உள்ள சுற்றுகளை எழுத வேண்டியதில்லை. எல்லைப் பிழைகள் நடுவில் இருப்பது அரிது. பிறகு நீளம் 0, 1, 2 உள்ள தரவுகளைக் கொடுத்து ஓட்டுங்கள். பத்தாம் கேள்வியின் காலி வெக்டரும், பதின்மூன்றாம் கேள்வியின் ஒற்றை உறுப்புப் பட்டியலும் இந்தச் சோதனையிலேயே அகப்பட்டிருக்கும். ஆயிரம் உறுப்புள்ள தரவில் ஒன்று விடுபட்டால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டில் ஒன்று விடுபட்டால் தெரியும்.

சி, சி++ எழுதுவோர் ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலரில் உள்ள அட்ரஸ் சானிடைசரை இயக்கிக்கொண்டு தொகுக்கலாம். அரேயின் எல்லையைத் தாண்டிய வரியைச் சுட்டிக்காட்டி நிரலை நிறுத்திவிடும். கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் புழங்கும் பழைய டர்போ சி-யில் இந்த வசதி கிடையாது என்பதால், வீட்டுக் கணினியில் புதிய கம்பைலர் ஒன்றை நிறுவிக்கொள்வது நல்லது. சி++ வெக்டரில் சதுர அடைப்புக்குப் பதிலாக அட் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தினால் எல்லை சரிபார்க்கப்படும். ஆனால் இந்தக் கருவிகள் நீங்கள் ஓட்டிப் பார்த்த பாதையை மட்டுமே காண்கின்றன. ஒரு சுற்று கூடியதைப் பிடிக்கும். ஒரு சுற்று குறைந்ததைப் பிடிக்காது, ஏனெனில் தொடாமல் விட்ட உறுப்பு எந்த எல்லையையும் மீறவில்லை. அதற்குத் தாளும் பேனாவும்தான்.